பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

ஜூலை மாதத்தின் கடைசி வாரம் நெருங்கினால், அமெரிக்க பேஸ்பால் உலகில் ஆட்டம் பின்னுக்குப் போய் வியாபாரம் முன்னுக்கு வந்துவிடுகிறது. முப்பது அணிகளும் தங்களுக்குள் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான கெடு அப்போதுதான் முடிகிறது. அந்த நாட்களில், எப்போதாவது ஆட்டம் பார்க்கும் சாதாரண ரசிகனுக்குப் புள்ளிவிவரப் புலிகளிடமிருந்து ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கும்: "உணர்ச்சியை மூட்டை கட்டி வை. இது தொழில். உனக்குப் புரியாது." புரியாதவன் அவனல்லன் என்பதே என் கட்சி.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இலக்கியம் கற்பிக்கும் எனக்கு அங்கிருந்துதான் தொடங்கத் தெரியும். அந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடியவிருக்கும் வீரனுக்கு 'வாடகை' என்று பெயர். மற்றவனைப் பற்றிப் பேச்செடுத்தால், 'கட்டுப்பாடு இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்?' என்பதே கேள்வி. இளைஞர்கள் 'சொத்துகள்'. எல்லாவற்றுக்கும் சிகரம் 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர்' என்ற தொடர். ஒருவனைப் பெற்றுக்கொண்டு, ஈடாக யாரைத் தருவது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். 1962இல் ஹாரி சிட்டி என்ற கேட்சரை இம்முறையில்தான் கிளீவ்லாந்து அணி நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தது. இரண்டு மாதத்துக்குள் அறிவிக்கப்பட்ட பெயரும் ஹாரி சிட்டிதான். தனக்குத் தானே ஈடாகி அவர் திரும்பிப் போனார். இதை வேடிக்கைக் கதையாகவே சொல்லி வருகிறார்கள். பெயரை மனிதனிடமிருந்து கழற்றி வைக்கலாம் என்றாகிவிட்ட இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இச்சொற்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, தனக்காகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட்டைப் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் அன்றைய விதிகளில் இல்லை. ஃபிளட் போக மறுத்தார். விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தான் ஓர் உடைமையல்ல என்று ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார், வழக்கும் தொடுத்தார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்டவாழ்வே முடிந்து போயிருந்தது. பத்தாண்டு அனுபவமும், அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் ஆடியவர் பரிமாற்றத்தை மறுக்கலாம் என்ற உரிமை பின்னர் வந்தது. அந்த உரிமையை எட்டாதவர்கள், ஒப்பந்தத்தில் தனி விதி இல்லையென்றால், இன்றும் சொன்ன ஊருக்குப் பெட்டி கட்டத்தான் வேண்டும்.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இரக்கம் எதற்கு என்பார்கள். ஆண்டுக்கு 90,000 டாலர் பெறுபவருக்கு என்ன குறை என்று ஃபிளட்டிடமே கேட்டார்கள். நல்ல கூலி பெறும் அடிமையும் அடிமையே என்ற பொருள்பட அவர் விடை சொல்லிவிட்டார். தவிரவும், பரிமாற்றத்தில் போகும் பலர் முதல்நிலை அணியையே எட்டாத இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கோடிகள் இன்னும் கனவுதான்.

பரிமாற்றத்தால்தான் வெற்றி வருகிறது என்பது அடுத்த வாதம். மறுக்கவில்லை. 2004 ஜூலை 31 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் ரசிகர்களின் செல்லப்பிள்ளையான நோமார் கார்சியபாராவை அனுப்பிவிட்டு, 1918க்குப் பின் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. பரிமாற்றத்தையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொது மேலாளர் கணக்குப் பார்க்கட்டும். அது அவர் தொழில், அதற்குக் கூலியும் உண்டு. அந்தக் கணக்குப்பிள்ளை வேலையை ரசிகன் ஏன் கூலியில்லாமல் பார்க்க வேண்டும்? முதலாளியின் அகராதியைக் கடன் வாங்கிப் பேசுவதற்கு ரசனை என்று எப்போது பெயர் வந்தது?

2015 ஜூலை 29 இரவு நியூயார்க்கில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மெட்ஸ் அணியின் வில்மர் ஃபுளோரஸ் மில்வாக்கிக்குப் பரிமாற்றம் செய்யப்பட்டார் என்ற செய்தி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்களின் கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. அவருக்கு அணி எதுவும் சொல்லியிருக்கவில்லை. மட்டையோடு வந்தவருக்கு அரங்கத்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பதினாறு வயதில் வெனிசுவேலாவில் அந்த அணியோடு ஒப்பந்தமானவர் அவர். களத்தில் நின்றபடியே கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பரிமாற்றம் பின்னர் முறிந்துபோனது. ஜூலை 31 அன்று பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஃபுளோரஸ் அடித்த ஹோம் ரன் ஆட்டத்தை வென்று கொடுத்தது. என் வாதம் அந்த ஹோம் ரன்னை நம்பி நிற்கவில்லை. அவர் அன்று தோற்றிருந்தாலும், உண்மையாகவே மில்வாக்கிக்குப் போயிருந்தாலும், அந்தக் கைதட்டல் சரியானதே. போகிறவனுக்காக எழுந்து நில் என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்வதில்லை. அவன் பெயரை அறிந்து எழுந்து நின்றவர்களைப் பார்த்து 'உனக்குப் புரியாது' என்று சொல்ல எந்த நிபுணருக்கும் தகுதியில்லை.