மாதர் நலமும் ஒரு நாள் கூலியும்

கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டு நம் சகோதரிகள் அங்கே கொழுந்து கிள்ளி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய உடல் நலத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

வைட்டமின் டி என்னும் சத்தை வெயில் பட்டு நம் தோலே உண்டாக்கிக்கொள்கிறது. மூடுபனியில், தலைத்துணியும் முழுக்கைச் சட்டையுமாக நிற்கும் மாதருக்கு அது குறையக்கூடும். அச்சத்தை உடல் ஏற்க உதவும் மரபணுவும் ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். இவ்வேறுபாடு மார்பகப் புற்றுநோய்க்கு வழிகோலுமா என்று ஆராய்ந்தவர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்விலோ, வைட்டமின் டி மாத்திரை புற்றுநோய் வருவதைக் குறைக்கவில்லை.

ஆகவே மாத்திரையே கதி என்பதும் தவறு. எல்லாம் பிறவிப்பயன் என்று கைகட்டி இருப்பதும் தவறு. மலேசிய மாதரை அதிகம் பீடிக்கும் புற்றுநோய் இதுவே. முற்றிய பின் ஆஸ்பத்திரிக்குப் போவதே பல உயிர்களைக் குடிக்கிறது. தாய்க்கோ தமக்கைக்கோ வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

40 வயதான சந்தாதாரர்களுக்கு 2013-இல் சொக்சோ இலவசப் பரிசோதனைச் சீட்டு வழங்கியது. மாதருக்கு மாமோகிராமும் அதில் அடக்கம். ஆனால் சீட்டு இருந்தென்ன? போய்வந்தால் அன்றைய கூலி போய்விடுமே என்று கட்டியை மறைத்தால் பயன் என்ன?

பரிசோதனைக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு வேண்டும். தேயிலை மலைக்கும் பால்மரக் காட்டுக்கும் சேர்த்தே இதைக் கேட்கிறோம். கிராணிமார்களே, இச்செய்தியை லயங்களில் படித்துச் சொல்லுங்கள்!