சினுஹேயைக் கெடுத்தது யார்?



'தி ஈஜிப்ஷியன்' என்ற நாவலைப் படித்த சகோதரிகள் நம் வாசகியரில் சிலராவது இருப்பீர்கள். பின்லாந்து தேசத்து எழுத்தாளர் மிகா வால்தரி எழுதி 1945-ல் வெளிவந்தது. 1949-ல் ஆங்கிலத்தில் கொஞ்சம் சுருக்கி வந்தது. எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர் ஆங்கிலத்தில் வாசித்து அர்த்தம் சொல்வார். நாங்கள் வீட்டுக்கு வந்து அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் படிப்போம். ஐந்து மாதம் ஓடியது. முடித்த அன்று எல்லோரும் அவரவர் அபிப்பிராயத்தைச் சொன்னோம். அன்றைக்குப் பேசியதில் எனக்கு மனசு சமாதானமாகவே இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒருவர், "கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் ஒரே சோகம்" என்றார். இன்னொருவருக்கு அந்தக் காலத்து வைத்தியம், மண்டை ஓட்டைத் திறந்து செய்கிற ஆபரேஷன், பாபிலோன், கிரீட் தீவு என்று ஊர் ஊராகப் போவதெல்லாம் ரொம்பப் பிடித்துவிட்டது. இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரல். "அந்தப் பாவி நெஃபர் மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா அவன் எங்கேயோ போயிருப்பான்!"

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 1350-ஐ ஒட்டிய எகிப்து. தீப்ஸ் நகரத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சென்முட், அவர் மனைவி கிபா. பிள்ளை இல்லாதவர்கள். நைல் நதியில் நாணல் கூடையில் மிதந்து வந்த குழந்தையை கிபா எடுத்து வளர்க்கிறாள். பழைய கதை ஒன்றில் வருகிறவனின் பெயரையே அவனுக்கு சினுஹே என்று வைக்கிறாள். (அந்தப் பழைய கதை நிஜமாகவே எகிப்தில் உண்டு, இந்த நாவலில் வரும் காலத்துக்கும் சில நூறு வருஷம் முந்தியது.) பையன் படித்து வைத்தியனாகிறான். நெஃபர்நெஃபர்நெஃபர் என்று ஒரு பெண். பேருக்கே மூன்று தரம் அழகி என்று அர்த்தமாம்! அவள் மேல் பைத்தியமாகி, இருக்கிற சொத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு எழுதிக் கொடுக்கிறான். தன் வீடு போச்சு. அப்பா அம்மா குடியிருக்கும் வீடு போச்சு. கடைசியில் அவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த கல்லறையும் போச்சு.

கல்லறைதானே என்று நமக்குத் தோன்றும். எகிப்தியர் நம்பிக்கையில், செத்த பிறகு உடம்பு கெடாமல் இருக்க வேண்டும், அதற்கு ஒரு இடமும் வேண்டும். அப்போதுதான் மறு உலக வாழ்க்கை. ஆகையால் அவன் கொடுத்தது இந்த உலகத்து வீட்டை மட்டும் இல்லை, அந்த உலகத்து வீட்டையும் சேர்த்து! வயசான காலத்தில் வாசலில் நிற்க வைத்ததோடு, செத்த பிறகும் போக்கிடம் இல்லாமல் செய்துவிட்டான். அவன் ஓடி வருவதற்குள் இரண்டு பேரும் உயிரை விட்டுவிடுகிறார்கள். போகும்போதும் பிள்ளையைச் சபிக்கவில்லை. ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். டீச்சர் இந்த இடத்தை வாசித்தபோது மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

இவ்வளவையும் கேட்டு மூக்கைச் சிந்தியவர்கள்தான் கடைசியில் "எல்லாம் அவளாலதான்" என்கிறார்கள். நான் கேட்கிறேன், எழுதிக் கொடுத்த கை யாருடையது? அவள் கேட்டாள், ஆமாம். கேட்கக் கூடாததைக் கேட்டாள், அதுவும் ஆமாம். அவள் நல்லவள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கிபாவும் சென்முட்டும் அவளுக்கு யாரோ, எவரோ. அவனுக்கு? ஆற்றில் வந்த அந்த நாணல் கூடையைத் தன் படுக்கைக்கு மேலேயே தொங்கவிட்டு வைத்திருந்தவள் கிபா. அந்த அம்மாவுக்குத் துரோகம் செய்தது, அவள் சோறு போட்டு வளர்த்த பிள்ளை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால் சினுஹேயே நம்மைப் போலப் பேசுவதில்லை. தன் பாவம் தன்னுடையது என்று அவனுக்குத் தெரியும். பிணங்களைப் பதப்படுத்தும் இடத்துக்குப் போய், நாற்றத்திலும் அழுக்கிலும் வேலை செய்துதான் பெற்றோர் உடம்பைக் கெடாமல் காப்பாற்றுகிறான். மாட்டுத் தோலில் வைத்துத் தைத்து, யாருக்கும் தெரியாமல் சுமந்து போய், ராஜாக்கள் அடக்கமாகியிருக்கும் பள்ளத்தாக்கில் மணலில் புதைக்கிறான். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவன் தன்னை மன்னிக்கவில்லை. படிக்கிற நாம் அவனுக்காக வக்கீல் வைத்து, பழியைத் தூக்கி ஒரு பெண் தலையில் போட்டுவிடுகிறோம். பக்கத்து வீட்டில் ஒரு பையன் கெட்டுப் போனாலும் நாம் இப்படித்தானே பேசுகிறோம்? "எவளோ மயக்கிட்டா" என்று!

அவனே பிற்பாடு மாறிவிடுகிறான், அதையும் சொல்ல வேண்டும். ஊர் சுற்றித் திரும்பி வந்தவன், நெஃபருக்கு மயக்க மருந்து கொடுத்து, செத்தவள் என்று சொல்லி, அதே பிணக் கிடங்குக்கு அனுப்புகிறான். எங்கள் கூட்டத்தில் இந்த இடத்தில் சிலர் கை தட்டினார்கள். எனக்கு வயிற்றைப் புரட்டியது. முதல் தடவை அந்த இடத்துக்குப் போனது பிராயச்சித்தத்துக்கு, இரண்டாம் தடவை அதையே பழி தீர்க்கும் இடமாக்குகிறான். அவள் அங்கிருந்தும் பணத்தோடு வெளியே வந்துவிடுகிறாள் என்று ஆசிரியர் வேடிக்கை போல எழுதிவிட்டார். அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வால்தரி மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அவர் இந்த நாவலை எழுதும் முன் எகிப்துக்குப் போனதே இல்லையாம். புத்தகங்களைப் படித்தே அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார், அதற்குக் கும்பிடு போடலாம். அவ்வளவு படித்தவருக்கு அந்த நாட்டுச் சாதாரணக் குடும்பப் பெண்கள் கண்ணில் படவில்லையா? அங்கே கல்யாணமான பெண்ணை 'வீட்டின் எஜமானி' என்ற பட்டத்தோடுதான் கல்லறைகளில் எழுதியிருக்கிறார்கள். பெண்கள் தங்கள் பேரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வழக்குக்குப் போகலாம். நௌநக்தே என்று ஒரு அம்மாள். ராஜாக்களின் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர் கிராமத்தில் இருந்தவள். சினுஹே கதைக் காலத்துக்கு ஏறக்குறைய 200 வருஷம் கழித்து. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன், வயசான காலத்தில் என்னைக் கவனித்தவர்களுக்கு என் பங்கைக் கொடுக்கிறேன், கவனிக்காதவர்களுக்கு இல்லை என்று சாட்சிகள் முன்னால் உயில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த உயில் மூவாயிரம் வருஷம் தாண்டி இன்றைக்கும் இருக்கிறது! டீச்சர் இதைச் சொன்னபோது, எங்களில் வயதில் மூத்தவர் ஒருவர் "அப்படிப் போடு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

நாவலிலோ ராஜ வம்சத்தை விட்டுவிட்டால் சொத்து, பத்திரம் என்று பேசத் தெரிந்த பெண்ணாக நெஃபர்தான் என் மனசில் நிற்கிறாள். அவ்வளவு பெரிய உரிமை, கெடுப்பதற்கு மட்டும்தான் பயன்பட்டதா? கிபாவின் கையில் அந்த வீட்டில் ஒரு பாதி இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

மெரிட்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மதுக்கடையில் வேலை செய்கிறவள், அதனாலோ என்னவோ. சினுஹேக்கு ஆறுதலாக இருந்தவள் அவள்தான். ஒரு மகனையும் பெற்று வளர்க்கிறாள். அவன் தன் பிள்ளை என்றே சினுஹேக்குத் தெரியாது. மன்னர் அக்நாதன் சூரியனை ஒரே தெய்வமாகக் கும்பிடச் சொல்கிறார், பழைய ஆமோன் தெய்வத்துக் கூட்டம் எதிர்க்கிறது, தெருவெல்லாம் ரத்தம். அந்தக் கலவரத்தில் தாயும் பிள்ளையும் செத்த பிறகுதான் அவனுக்கு உண்மை தெரிகிறது. இத்தனை வருஷம் அவனிடம் எதையும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இவள். எல்லாவற்றையும் கேட்டவளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய எங்கள் வட்டத்தில், எதையுமே கேட்காத இவளுக்கு ஐந்து நிமிஷம் கூடக் கிடைக்கவில்லை.

சோகம் அதிகம் என்று சொன்ன சகோதரிக்கு ஒரு வார்த்தை. உலக யுத்தம் முடிந்த 1945-ல், யுத்தத்தில் அடிபட்ட நாட்டில் உட்கார்ந்து எழுதியது. சிரிப்பும் கும்மாளமுமாக எப்படி வரும்? அப்படியும் காப்தா என்ற ஒற்றைக்கண் வேலைக்காரன் வரும் இடங்களில் நான் தனியாகச் சிரித்து, வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

புத்தகம் கிடைத்தால் கட்டாயம் படியுங்கள். பெரிசு, அவசரப்பட வேண்டாம். படித்துவிட்டு இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். நெஃபரைத் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், கூடவே கிபாவைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்களேன்.

- ஒரு வாசகி