நரம்பும் ஹார்மோனும் இரண்டு பாடங்களா?

பதினோராம் வகுப்பு விலங்கியலில் நரம்பு ஓர் அத்தியாயம். ஹார்மோன் மற்றோர் அத்தியாயம். பல்கலைக்கழகம் வரை இப்பிளவு தொடர்கிறது. உடலோ இதனை அறியாது. ஆக்சிடோசினை உருவாக்குபவை ஹைப்போதலாமசின் நரம்பணுக்களே. பிட்யூட்டரியின் பின்மடல் அதனை வெளியிடும் வாயில் மட்டுமே.

ஈஸ்ட்ரோஜன் மூளையணுக்களின் கிளர்ச்சியைக் கூட்டுகிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து விளையும் பொருள் அதனைத் தணிக்கிறது. ஆகவேதான் வலிப்புநோயுள்ள பெண்கள் சிலருக்கு மாதவிடாயை ஒட்டி வலிப்பு மிகுகிறது. இவ்வுறவின் கனத்தை உணர்ந்த இடமும் உண்டு: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் 1998இல் வலிப்புநோயுள்ள கர்ப்பிணிகளுக்கெனத் தனிப் பதிவேடே தொடங்கப்பட்டது.

மாதவிடாயைக் கேட்காத நரம்பியலும் வலிப்பைக் கேட்காத மகப்பேறியலும் நோயாளியைப் பாதியாகவே காண்கின்றன. அந்தப் பாதிப்பார்வை வகுப்பறையில்தான் பயிற்றப்படுகிறது. தேர்வுக்கு வசதியான எல்லையை உடலின் எல்லையாக்கும் பாடத்திட்டம் மாறியே தீரவேண்டும்.