தியானத்திற்கு ஏற்ற இருக்கை

ஊரில் தரையில் பாய் விரித்து நாள்தோறும் தியானம் செய்து வந்த பெரியோர், பிள்ளைகளுடன் தில்லிக்கு வந்தபின், மார்கழி பிறந்ததும் அப்பழக்கத்தைக் கைவிடுவதைக் காண்கிறோம். காரணம் மனத்தளர்ச்சியன்று, சில்லிட்ட கல்தரையும் முழங்கால் வலியுமே.

இருக்கையின் சிறப்பைக் கீதையின் ஆறாம் அத்தியாயமே பேசுகிறது. தருப்பை, மான்தோல், துணி ஆகியவற்றால் அமைந்த ஆசனம் மிக உயர்ந்தோ மிகத் தாழ்ந்தோ இருத்தலாகாது என்பது அதன் கருத்து. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், மான்தோலைக் கடையில் வாங்குதல் குற்றமாகும். ஆயினும் குறையொன்றுமில்லை. தருப்பைக்கு ஈடாகப் பத்தமடைக் கோரைப்பாயை விரித்து, அதன்மேல் பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் தரையின் குளிர் ஏறாது.

இவற்றின்மேல் வைக்கும் திண்டிலேதான் சுகம் அடங்கியிருக்கிறது. இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருப்பின், முழங்கால்கள் தாமே தாழும். முதுகும் வருத்தமின்றி நிமிரும். நான்கு முதல் ஆறு விரற்கடை உயரம் பெரும்பாலோர்க்குப் போதும். அமர்ந்ததும் அமுங்கிவிடும் மெத்தென்ற திண்டு பயன்படாது. ஆதலின் பருத்திப் பஞ்சை இறுக அடைத்தல் வேண்டும். குளிர்காலத்தில் ரஜாய் தைப்போரிடம் பழைய பஞ்சைக் கொடுத்தே தைத்துக்கொள்ளலாம். அமரும்போது திண்டின் முன்பாதியில் அமர்க.

அங்ஙனமும் இயலாதார் நாற்காலியில் அமர்தல் இழுக்கன்று. பாதங்கள் தரையில் பதிய, முதுகு நிமிர்ந்திருந்தால் அதுவும் ஆசனமே.

இளைஞர்களே! வீட்டுப் பெரியவர் தியானத்தை விட்டுவிட்டாரெனில், காரணம் கேட்பதற்கு முன் ஒரு திண்டு தைத்துக் கொடுங்கள்.