மூடிய பாட்டரி

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் அங்கத்தினர் நம்மிடம் கூறும் குறை ஒன்றுண்டு. கைப்பேசி நன்றாகவே இருக்கிறது, பாட்டரிதான் நிற்பதில்லை. மாற்றப் போனால், புதிதே வாங்கிவிடும் என்கிறார்கள். இது விதியின் செயலன்று. யந்திரத்தை அமைத்தவர்கள் தெரிந்தே செய்த முடிவு.

லித்தியம் பாட்டரி சில நூறு முறை மின்னேற்றிய பின் தேய்ந்தே தீரும். முதலில் கெடும் பாகம் அதுவே என அறிந்திருந்தும், 2007-ல் ஆப்பிள் கம்பெனி தன் முதல் ஐபோனில் அதை உள்ளே வைத்து மூடிற்று. நாளடைவில் பிறரும் அவ்வழியே சென்றனர்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. கையால் எடுக்கும் பாட்டரிக்குக் கடினமான உறையும், கழற்றும் மூடியும் வேண்டும். இவை இடத்தை அடைக்கும். மூடிவிட்டால் மெல்லிய உறையிட்ட பெரிய பாட்டரியை வைக்கலாம். பசையிட்டு நீரையும் தடுக்கலாம். ஆனால் நீரைப் பற்றிய வாதம் முழு உண்மையன்று. 2014-ல் வந்த சாம்சங் காலக்ஸி எஸ் 5 நீரைத் தாங்கியது. நகத்தால் மூடியைத் திறந்து பாட்டரியையும் மாற்ற முடிந்தது. மறு ஆண்டு எஸ் 6 கண்ணாடியும் உலோகமுமாக மின்னிக்கொண்டு வந்தது. பாட்டரி உள்ளே போயிற்று, நீர்க்காப்பும் போயிற்று! அழகுக்காகவே மூடினார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

இதைவிட உறுத்துவது மற்றொன்று. தேய்ந்த பாட்டரியால் கைப்பேசி திடீரென அணைவதைத் தடுக்க, ஆப்பிள் அதன் வேகத்தையே குறைத்து வந்தது. வைத்தியம் தவறன்று, நோயாளிக்குச் சொல்லாததே தவறு. கருவியே கிழடாயிற்றென்று எண்ணிப் புதிது வாங்கியோர் எத்தனை பேரோ! 2017 டிசம்பரில் கம்பெனி மன்னிப்புக் கோரி, பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பயனாளருக்கு அறிவிக்காமைக்காக 2020-ல் பிரான்ஸ் நாட்டில் 2.5 கோடி யூரோ அபராதமும் செலுத்திற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடப்பில் உள்ளது. சந்தைக்கு வரும் கைப்பேசியின் பாட்டரியைச் சாதாரணக் கருவிகளால் எவரும் மாற்ற இயலவேண்டும். 1000 முறை மின்னேற்றிய பின்னும் 80 சதவீதம் கொள்ளளவு நிற்குமாயின், நீரும் தூசியும் புகாதாயின், தொழிலறிந்தோர் மட்டும் மாற்றும்படி விடலாம். இவ்விலக்கை நாம் மனமுவந்து ஏற்கவில்லை. அந்தப் பாட்டரியும் ஒருநாள் தேயத்தான் போகிறது. அன்று ஆகும் செலவை விற்கும்போதே தெரிவிக்கச் செய்திருக்கலாம்.

நமக்கு அவ்விதியின் துணை இல்லை. ஆதலின் புதிதாகக் கைப்பேசி வாங்கும் அங்கத்தினர், பாட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், எங்கே மாற்றுவார்கள் என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டு, ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நலம்.