சீல் சரிதான், சரக்கு?

திருச்செந்தூர் சாலையில் சாகுபுரம் ரசாயன ஆலை வழியாகப் போய்வரும் டேங்கர் லாரிகளைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வால்வில் போட்டிருக்கும் சீல் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. ஏற்றிய இடத்துக்கும் இறக்கும் இடத்துக்கும் நடுவில் எவரும் திறக்கவில்லை என்பதுதான் சீல் சொல்லும் சேதி. உள்ளே இருப்பது காஸ்டிக் சோடாவா, வெறும் தண்ணீரா, அனுப்பியவர் யோக்கியரா என்பதெல்லாம் அதன் வேலையில்லை. வடக்கே தூத்துக்குடி துறைமுகத்தில் ஏற்றுமதிக் கண்டெய்னர்களிலிருந்து செம்மரக் கட்டைகள் பிடிபட்ட செய்திகளைப் படித்தவர்களும், கண்டெய்னருக்கு சீல் இருந்ததே என்று வியப்பதில்லை. இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், கைபேசியை எடுத்த கையோடு அந்தத் தெளிவைக் கீழே வைத்துவிடுகிறோம். "பூட்டு இருக்கு, எச்.டி.டி.பி.எஸ். இருக்கு, தைரியமா கார்டு நம்பர் போடுங்க" என்று படித்தவர்களே பக்கத்து வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்கிறார்கள். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் அந்தத் தளம் நம்பத்தக்கது என்ற இந்த நம்பிக்கை தவறு. ஏமாந்தவர்களின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. வங்கித் துண்டறிக்கைகளும் விழிப்புணர்வுக் கூட்டங்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊட்டி வளர்த்த தவறு இது.

பூட்டு எதற்காக வந்தது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். பழைய எச்.டி.டி.பி. முறையில் உங்கள் உலாவி அனுப்பும் ஒவ்வொரு வரியும் திறந்த தபால் அட்டை போலப் போகும். வைஃபை வைத்திருப்பவர், இணைய நிறுவனம், இடைவழியில் உள்ள கருவிகளை இயக்குபவர் என யார் கையில் பட்டாலும் படிக்கலாம். படித்துவிட்டுத் திருத்தியும் அனுப்பலாம். இணையத்தில் கடை போட நினைத்தவர்களுக்கு இது ஆகாது. எனவே எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு அடிப்படையான எஸ்.எஸ்.எல். என்ற ஏற்பாட்டை நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. அதுவே 1999இல் டி.எல்.எஸ். என்ற பொதுத் தரமாகி, 2018இல் 1.3ஆம் பதிப்புக்கு வந்திருக்கிறது. இதன் முதல் அற்புதம், முன்பின் பார்த்திராத இருவர் எல்லோரும் கேட்கும்படி பேசிக்கொண்டே தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்வது. டிஃபியும் ஹெல்மனும் 1976இல் வெளியிட்ட கணித வழி அது. இரு பக்கமும் ஆளுக்கொரு எண்ணை ரகசியமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்ட இன்னொரு எண்ணை வெளிப்படையாக மாற்றிக்கொள்வார்கள். வந்த எண்ணோடு தன் ரகசியத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பக்கமும் ஒரே விடை வரும். ஒட்டுக்கேட்டவருக்கு அந்த விடை கிட்டாது. அதற்குப் பின் போகும் எல்லாமே அந்தச் சாவியால் மறைக்கப்படும். வழியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. மறுமுனையில் இருப்பவர் யார் என்றே தெரியாமல் திருடனோடும் இதே அழகில் ரகசியச் சாவி உண்டாக்கிக்கொள்ளலாம். அதை அடைக்கத்தான் சான்றிதழ். உலாவி ஏற்கெனவே நம்பும் ஒரு சான்றளிப்பு நிறுவனம், "இந்த இணைய முகவரி இந்தச் சாவிக்காரருடையது" என்று கையொப்பமிட்டுத் தருகிறது. அது சான்று சொல்வது முகவரிக்கு. முகவரியின் சொந்தக்காரருடைய குணத்துக்கு அல்ல. பெரும்பாலான சான்றிதழ்களுக்கு நடக்கும் சோதனை என்ன தெரியுமா? குறிப்பிட்ட ஒரு கோப்பை உன் தளத்தில் வை, அல்லது உன் முகவரிப் பதிவில் இந்த வரியைச் சேர் என்று ஒரு கணினி கேட்கும். இன்னொரு கணினி செய்து காட்டும். சில நொடிகளில் முடிந்துவிடும். 2015 டிசம்பர் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இதை எல்லோருக்கும் இலவசமாகவே தருகிறது. இணையத்துக்கு அது செய்த நன்மை பெரிது. ஆனால் இலவசமாகக் கிடைப்பதைத் திருடன் மட்டும் வேண்டாம் என்பானா? மின்வாரியத்தின் பெயரை ஒட்டி, நடுவில் கோடு போட்டு, பின்னால் "அப்டேட்" என்று சேர்த்து ஒருவன் புது முகவரி வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரி உண்மையிலேயே அவனுடையது. எனவே சான்றிதழும் உண்மையானது, பூட்டும் உண்மையானது. நீங்கள் தட்டும் அட்டை எண் வழியில் எவர் கண்ணிலும் படாமல், ஓர் இலக்கமும் பிசகாமல், மிகுந்த பாதுகாப்போடு அவன் கைக்குப் போய்ச் சேரும். இது கற்பனைப் பயமில்லை. பூட்டை மட்டும் பார்த்து நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2019 ஜூனிலேயே பொது எச்சரிக்கை விட்டது. தூண்டில் (ஃபிஷிங்) தளங்களைக் கண்காணிக்கும் ஏ.பி.டபிள்யூ.ஜி. கூட்டமைப்பின் 2020 கடைசிக் காலாண்டு அறிக்கைப்படி அத்தகைய தளங்களில் 84 விழுக்காட்டில் இந்த மறையாக்கம் இருந்தது. பூட்டு நல்லவர்களின் அடையாளம் என்ற வாதம் அந்த எண்ணோடு முடிந்துபோயிருக்க வேண்டும்.

சான்றளிப்பவர் தவறினால் முகவரிக்கான உறுதிகூட நிற்காது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இயங்கும் சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் அதிகாரத்தைக் கொண்டு, தேசிய தகவலியல் மையம் சான்றிதழ்கள் வழங்கிவந்தது. 2014 ஜூலை 2 அன்று, கூகுளுக்குச் சொந்தமான முகவரிகளுக்கு அந்த மையத்தின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களைக் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். மையத்தின் வழங்கல் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டதாகவும், நான்கு சான்றிதழ்கள் தவறாக வழங்கப்பட்டதாகவும், அவற்றில் மூன்று கூகுளுக்கும் ஒன்று யாஹூவுக்கும் உரிய முகவரிகளுக்கானவை என்றும் விளக்கம் வந்தது. அந்த நான்கைத் தவிர வேறு சிலவும் தன் கவனத்துக்கு வந்திருப்பதாகக் கூகுள் பதில் சொன்னது. விண்டோஸ் கணினியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அந்தச் சான்றிதழ்களை நம்பியிருக்கும். அதாவது போலிக் கூகுளுக்கும் பூட்டு விழுந்திருக்கும். தன் பட்டியலில் இந்திய வேர்ச் சான்றிதழைச் சேர்க்காத ஃபயர்ஃபாக்ஸ் தப்பியது. கடைசியில் கட்டுப்பாட்டாளரின் கீழ் வரும் சான்றிதழ்களைக் கவ் டாட் இன், ஏசி டாட் இன், ரிசர்வ் வங்கி போன்ற ஏழு முகவரிகளுக்குள் குரோம் முடக்கிப்போட்டது. ஒரு நாட்டு அரசின் முத்திரையை ஒரு தனியார் உலாவி எல்லைகட்டி நிறுத்தியதில் நமக்கு ரோஷம் வரலாம், தப்பில்லை. அந்த நிகழ்வு கற்பிக்கும் பாடம் வேறு. பூட்டுக்குப் பின்னால் இருப்பது கணிதம் மட்டுமல்ல, அலுவலகங்களும் ஆட்களும்தான். அவர்கள் தவறும் இடத்தில் கணிதம் வாயடைத்து நிற்கும். இப்போது ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று 2018 முதல் குரோம் கட்டாயமாக்கியிருப்பதால், இப்படிப்பட்ட களவு வெளியே தெரிய வாய்ப்பு கூடியிருக்கிறது. கண்டுபிடிக்க உதவும், தடுத்துவிடாது.

அப்படியானால் ஆளை நேரில் விசாரித்து, நிறுவனப் பதிவைச் சரிபார்த்த பிறகு சான்றிதழ் கொடுக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. கொடுத்துப் பார்த்தார்கள். விரிவான சரிபார்ப்புச் சான்றிதழ் என்று ஒன்று வந்தது. முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயரே பச்சையில் மின்னும். 2017இல் இயன் கேரல் என்ற ஆய்வாளர், ஸ்ட்ரைப் என்ற பெரிய பணப்பட்டுவாடா நிறுவனத்தின் பெயரிலேயே கென்டக்கி மாநிலத்தில் முறைப்படி ஒரு நிறுவனத்தைப் பதிந்தார். அதன் பெயரில் அந்த உயர்ரகச் சான்றிதழையும் வாங்கிக் காட்டினார். பொய் ஆவணம் எதுவும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு கடைகள் இருப்பது எங்கும் குற்றமில்லையே. 2019இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தப் பச்சைப் பெயரைப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டன.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. சாமானிய மக்களுக்குச் சான்றிதழ் நுணுக்கமெல்லாம் எதற்கு, எளிதான ஒரு விதி வேண்டாமா, பூட்டைப் பார் என்பது அப்படி ஒரு விதிதானே என்பார்கள். எளிமை வேண்டும்தான், ஆனால் எளிதான தவறான விதி, விதியே இல்லாததைவிட மோசம். முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் இந்தத் தூத்துக்குடிக் கரையில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். மூடிய சிப்பி என்றால் உள்ளே இருப்பதை எவரும் எடுக்கவில்லை என்று அர்த்தம். முத்து இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏலம் எடுத்தவருக்கு அது தெரியும், அதற்குத் தக்க விலைதான் கேட்பார். மூடியிருப்பதே முத்துக்குச் சாட்சி என்று ஒருவர் அவருக்கு ஓதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூட்டு விதி செய்வது அந்த ஓதலைத்தான். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகத்தை அணைத்துவிடுகிறது. உலாவியைச் செய்பவர்களே இதை ஒப்புக்கொண்டார்கள். 2021இல் கூகுள் நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கு மட்டுமே பூட்டின் சரியான பொருள் தெரிந்திருந்தது. 2023 செப்டம்பரில் வந்த பதிப்பிலிருந்து குரோம் பூட்டை நீக்கிவிட்டு, அமைப்புகளைக் குறிக்கும் ஒரு சாதாரணச் சின்னத்தை வைத்தது.

இதைக் கேட்டு மறுகோடிக்குத் தாவி, மறையாக்கமே ஏமாற்று என்று சொல்ல வேண்டாம். எச்.டி.டி.பி.எஸ். இல்லாத தளத்தில் கடவுச்சொல் தட்டுவது இன்றும் மடமைதான். பேருந்து நிலையத்து வைஃபையில் உட்கார்ந்து கணக்கு பார்க்கிறவரை அருகில் இருப்பவர் ஒட்டுக்கேட்காமல் காப்பது இந்த ஏற்பாடு. அது இல்லையென்றால் ஆபத்து. இருந்தால் அந்த ஒரு ஆபத்து மட்டும் இல்லை. அடையாளம் கேட்க வேண்டியது பூட்டிடம் அல்ல, முகவரியிடம். அந்த முகவரியையும் பின்னாலிருந்து படிக்க வேண்டும். "சாகுபுரம், திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்" என்று எழுதுகையில் பெரியது கடைசியில் வருகிறதல்லவா, இணைய முகவரியிலும் அப்படித்தான். எச்.டி.டி.பி.எஸ்.ஸோடு வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன் கடைசியில் நிற்கும் சொற்களில்தான் உரிமை இருக்கிறது. மோசடிக்காரன் வங்கியின் பெயரை முன்னால் வைத்துவிட்டுத் தன் பெயரைப் பின்னால் ஒளிப்பான். எந்தத் தெருவில் இருக்கிற வீட்டிலும் "கலெக்டர் பங்களா" என்று பலகை மாட்டலாம், தெருவின் பெயர் மாறாது.

இந்த வகையில் ரிசர்வ் வங்கி தாமதமாகவேனும் சரியான இடத்தில் கைவைத்தது. 2025 பிப்ரவரியில் அறிவித்து, அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றது. அந்த முகவரிகளை ஐ.டி.ஆர்.பி.டி. என்ற ஒரே நிறுவனம்தான், அதுவும் வங்கிகளுக்கு மட்டும்தான் தரும். தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக்கும் இதே விதிதான். இனி வாடிக்கையாளர் பார்க்க வேண்டியது ஒரே ஒரு வால். அது திருடனுக்குக் கிடைக்காத வால். எளிய விதி கேட்டவர்களுக்கு இதைவிட எளியது வேண்டுமா? இதற்கும் எல்லை உண்டு. வாட்ஸப்பில் போக்குவரத்து அபராதம் என்று ஏ.பி.கே. என்ற செயலிக் கோப்பை அனுப்பி நிறுவச் சொல்பவனிடம் முகவரியும் இல்லை, பூட்டும் இல்லை. மாட்டிக்கொண்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பதுதான் வழி. ஆனால் அந்த எண்ணைச் சொல்லும் விழிப்புணர்வுப் பதாகைகள் சிலவற்றில் பக்கத்திலேயே பெரிதாக ஒரு பச்சைப் பூட்டு வரைந்திருப்பதை இன்றும் காணலாம். குரோமில் அந்தப் பச்சை 2018இலேயே சாம்பல் நிறமாகிவிட்டது.