‘செற்’ என்னும் சிறுசொல்

மாணாக்கன் ஒருவனுக்கு நான் இழைத்த பிழையொன்றைக் கூறி இவ்வாரம் தொடங்குகின்றேன்.

வகுப்பிலே ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கும்படி கேட்டேன். வைத்தியரொருவர் பையனொருவனின் முறிந்த காலைச் ‘செற்’ செய்ததாக அவ்வாக்கியம் கூறிற்று. பின்வரிசையில் இருந்தவன் எழுந்து, “வைத்தியர் பையனுடைய முறிந்த காலை வைத்தார்” என்றான். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். அதன்பின் பல நாள் அவன் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அவனது கொப்பியைத் திருத்தும்போதுதான் கண்டேன். ‘செற் என்றால் வை’ என்று நான் கரும்பலகையில் எழுதியதை அவன் வழுவறப் பிரதி செய்திருந்தான்.

‘செற்’ எளிய சொல்லன்று. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலே மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் இதுவே. வினைச்சொல்லாக மட்டும் ஏறத்தாழ 430 பொருள்கள் அங்கே காட்டப்பட்டுள்ளன. ஞாயிறு மறைதலும் குழைத்த சீமெந்து இறுகுதலும் ‘செற்’. முறிந்த எலும்பைப் பொருத்துதல், பொன்னிலே மணி பதித்தல், அச்சுக் கோத்தல், வினாத்தாள் ஆக்குதல், மணிக்கூட்டைச் சரிசெய்தல் யாவும் ‘செற்’.

இத்தனையையும் மனனஞ் செய்ய வேண்டுமோ? வேண்டா, வேரைக் கண்டாற் போதும். ‘சிற்’ என்பது இருத்தல். ‘செற்’ என்பது இருத்துதல். தமிழிலே இரு, இருத்து எனத் தன்வினையும் பிறவினையும் நிற்பது போன்றதே இது. ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ என்பன எழு, எழுப்பு. ‘லை’, ‘லே’ என்பன கிட, கிடத்து. எலும்பையும் மணியையும் அச்செழுத்தையும் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருத்துவதே ‘செற்’. ஞாயிறும் சீமெந்துமோ தாமே அமர்கின்றன.

கிண்ணத் தொகுதியையும் கணிதத்தில் வரும் தொடையையும் குறிக்கும் ‘செற்’ வேறு வழி வந்தது. ஒரு கொள்கையைப் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த ‘செக்டா’ என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து உருமாறியது. ஒலி ஒத்தமையால் இரண்டும் காலப்போக்கிற் கலந்தன.

இது நமக்குப் புதிதன்று. ‘பலபொருள் ஒருசொல்’ பற்றித் தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார்; திவாகர நிகண்டு அத்தகைய சொற்களுக்குத் தனித் தொகுதியே தந்தது. மா பூத்தது என்றால் மரம். மா கனைத்தது என்றால் குதிரை. மா புளித்தது என்றால் தோசைக்கு அரைத்தது. அயலில் நிற்கும் சொல்லே பொருளைக் காட்டுகின்றது.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில், பிழை என்னுடையதே என்று அம்மாணாக்கனிடம் ஒப்புக்கொண்டேன். இவற்றையெல்லாம் விளக்கிவிட்டு அதே வாக்கியத்தை மீண்டும் கேட்டேன். அவன் சற்றுத் தயங்கி, “முறிந்த காலை வைத்தியர் பொருத்தினார்” என்றான். எவரும் சிரிக்கவில்லை.

மாணாக்கரே, ஒரு சொல்லுக்கு ஒரு பொருளென எழுதிவைத்து நெட்டுருச் செய்யாதீர். சொல்லை அது வாழும் வாக்கியத்தோடு கற்றுக்கொள்க.